ஒரு தடவை சொன்னவள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவன் நான். வெட்கப்பட்டுக்கொண்டு இதைச் சொல்லவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் புதுச்சேரியில் எத்தனையோ பேர் இருந்தும், அவர்கள் செய்யாததை நான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன். பதிமூன்று வயதில் சைக்கிள் ஹேண்டிலில் பசை வாளியை மாட்டிக்கொண்டு சினிமா போஸ்டர் ஒட்டப் போனேன். சுவரில் நானே ஒட்டிய எழுத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒழுங்காகப் படிக்கவே வந்தது. இருபத்தாறு வயதில் உழவர்கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு, காலால் மிதிக்கிற ஒரு பழைய அச்சு மிஷினை உள்ளே வைத்தேன். புயலில் கொட்டகை பறந்தது. மறுபடி போட்டேன். அடுத்த மழைக்கு இடுப்பளவு தண்ணீர் வந்து, கட்டுக் கட்டாக இருந்த காகிதமெல்லாம் இட்லி மாதிரி உப்பிப்போனது. மூன்றாவது தடவை தளம் போட்டே கட்டினேன். ஆப்செட் மிஷின் வந்தது, ஃப்ளெக்ஸ் மிஷின் வந்தது. நகரத்துச் செய்திக்கென்று மாத இதழ் ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷமாக ஒரு மாதம் தவறாமல் கொண்டுவருகிறேன். ஊரடங்கில் ஊரே மூடிக் கிடந்தபோதும் எட்டுப் பக்கமாவது கொண்டுவந்தேன். புத்தகம் தொண்ணூற்றுச் சொச்சம். கல்யாணப் பத்திரிகையை நான் எண்ணியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே சாவுப் போஸ்டர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும், என் கவுன்டரில் வந்து சொன்ன நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி சுவரில் இருக்கும், தெருமுனையில் பேனர் நிற்கும். பாடி ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வருவதற்குள் என் பேனர் வந்துவிடும் என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. இந்த வேகத்தை இங்கே உண்டாக்கியவன் நான். மேடையில் யாராவது என்னோடு வேறொருவர் பேரையும் சேர்த்துச் சொன்னால், மைக்கை வாங்கித் திருத்தியிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இனிமேல் எழுதப்போவது என்னிடம் முப்பது நாள் வந்து நின்ற ஒரு பெண்ணைப் பற்றி. அவள் பேரை எழுதவில்லை. அந்தப் பேரின் மேல் நான் ஒட்டிவைத்த ஒரு பொய் இன்னும் உரியாமல் இருக்கிறது. 'அவள்' என்றே எழுதுகிறேன். அன்றைக்கு நான் அப்படித்தான் பேசினேன். இன்றைக்கு மரியாதை போட்டு எழுதினால், அன்றைக்கும் மரியாதையாக இருந்தவன் போலத் தோன்றிவிடும்.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியிலிருந்து மேடம் போன் செய்தார். பத்திரிகை, பதிப்பு என்று ஒரு டிப்ளமா படிப்பு இருக்கிறதாம். அதில் ஒரு மாதம் நிழல் பயிற்சியாம். மாணவர்கள் வேலை செய்யக் கூடாது. வேலை செய்கிறவர் பக்கத்தில் நிழல் மாதிரி நின்று, எப்படிச் செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

"வேலை செய்யாம பாக்கறதுக்கு ஒரு படிப்பா மேடம்? எங்க தெருமொனையில பத்துப் பேரு காலேஜே போகாம அதத்தான் செஞ்சுக்கினு இருக்கானுங்க" என்றேன். மேடம் சிரித்தார். சரி, அனுப்புங்கள் என்றேன்.

சுடிதார் போட்ட சின்னப் பெண் ஒன்று வரும் என்று நினைத்திருந்தேன். வந்தவளுக்கு முப்பத்தெட்டு வயது. நீலப் புடவை, எண்ணெய் வைத்து இறுக்கிய கொண்டை, பக்கத்தில் வந்தால் எலுமிச்சம்பழ வாசனை. அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது.

"நீயா ஸ்டூடண்ட்டு? பொண்ணச் சேக்க வந்தியோன்னு நெனச்சேன்."

"பொண்ணு பதினொண்ணாவது படிக்குதுங்க. அதுவும் இதையே சொல்லித்தான் என்னைக் கேலி பண்ணுது."

கடற்கரைக் குப்பத்துப் பெண். விடியற்காலை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு, பத்து மணிக்குக் குளித்து, பஸ் பிடித்துப் பதினொன்றுக்கு என் பிரஸ்ஸுக்கு வந்துவிடுவாள். தபால் வழியாக பி.ஏ. தமிழ் முடித்திருந்தாள். இந்த வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்டேன். இரண்டு கையையும் மேஜைமேல் வைத்துக் காட்டினாள். விரலெல்லாம் வெடித்து, கணுக்களில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"ஐஸ் ஒத்துக்கலைங்க ஐயா. டாக்டர் ஐஸையே தொடாதன்னுட்டாரு. மீன்காரி ஐஸைத் தொடாம இன்னா பண்ணுவா? பள்ளிக்கூடப் புத்தகம் போடற எடத்துல பிழை திருத்தற வேலை ஒண்ணுக்குச் சொல்லி வச்சிருக்கேன். டிப்ளமா இருந்தா எடுத்துக்கறேன்னாங்க. முப்பது நாளும் நல்லபடியா இருந்தேன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் டிப்ளமா. டிப்ளமா வந்தா நாற்காலி. கை காஞ்சிருக்கும்."

அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து நின்றாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். வேலை செய்கிறவரின் இடது தோளுக்கு ஓரடி பின்னால் நிற்பாள். எதையும் தொட்டுவிடக் கூடாதென்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். மிஷின் ஓடும்போது டீ கொடுத்தால், மிஷின் நின்ற பிறகுதான் குடிப்பாள். பாஸ்கர் என்று ஒரு டிசைனர் எனக்கு இருந்தான், கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன். முதல் இரண்டு நாள் அவனுக்கு வேலையே ஓடவில்லை.

"எக்கா, முதுகு சுடுதுக்கா. கொஞ்சம் வேற பக்கம் பாரேன்."

"முதுகைப் பாக்கலைப்பா. உன் கையத்தான் பாக்கறேன். நீ உன் வேலையப் பாரு."

எனக்கு மதியம் வஞ்சிரம் வேண்டும். தெரிந்த ஒருவனிடம் வழக்கமாக வாங்கி வறுத்து, வீட்டிலிருந்து வரும். ஒருநாள் நான் டப்பாவைத் திறந்தபோது அந்தப் பக்கம் போனவள் நின்றாள். "ஐயா, இது நேத்து மீன்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் பொருட்படுத்தவில்லை. அதே ஆளிடம்தான் அடுத்த நாளும் வாங்கினேன், அதற்கடுத்த நாளும் வாங்கினேன். நான்காம் நாள் பிரஸ்ஸுக்கு வர முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். வந்து அவளைத்தான் கோபித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சவ இன்னொரு தடவை அழுத்திச் சொல்லக் கூடாதா?"

"ஒரு தடவைதாங்க சொல்வேன். மீன் வெலையை ரெண்டாந்தடவை சொன்னா அது கொறையும். பேச்சும் அதுமாதிரிதாங்க."

அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள இதுவே போதும். முப்பது நாளில் அவள் எதையும் இரண்டாம் தடவை சொல்லி நான் கேட்டதில்லை. குரலையும் உயர்த்த மாட்டாள். சொல்வாள், நகர்ந்துவிடுவாள். எடுத்துக்கொள்வதும் விடுவதும் நம் பாடு.

பாஸ்கர் சீக்கிரமே எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டான். ஒரு கல்யாணப் பத்திரிகையை அவன் முடித்து வைத்திருந்தபோது பின்னாலிருந்து, "அன்னிக்கு அஷ்டமிங்களே" என்றாள். கடல்காரர் வீட்டில் நிலாக் கணக்கு மனப்பாடம். பெண் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால், அவர்கள் எழுதிக் கொடுத்த தேதி இருபத்தொன்று. பாஸ்கர் போட்டது பன்னிரண்டு. அதற்கேற்ற கிழமையையும் போனில் பார்த்துச் சரியாகப் போட்டுவிட்டிருந்தான். ஆயிரம் பத்திரிகை ஓடியிருக்கும்.

இன்னொன்று. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவர் தம் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட வந்தார். எல்லோரையும் பிரெஞ்சு மரியாதையில் மிஸ்ஸியே, மதாம் என்றுதான் கூப்பிடுவார். அவளையும் அப்படியே கூப்பிட்டார். "என்னை மதாமாக்கிட்டாரு, இனி மார்க்கெட்டுல வெலை ஏத்திட வேண்டியதுதான்" என்று பாஸ்கரிடம் சொல்லி அன்றெல்லாம் சிரித்தாள். அந்தப் பெரியவர் வாலிபத்தில் பீச் ரோட்டில் நின்று எடுத்த படத்தை அட்டைக்கு வைத்திருந்தோம். நான் பார்த்து ஓகே சொல்லியாகிவிட்டது. அவள் பார்த்தாள்.

"கடல் அந்தப் பக்கம் இருக்குதுங்க."

பாஸ்கர் திரும்பினான். "இன்னாக்கா சொல்ற?"

"பின்னால துறைமுகப் பாலம் தெரியுது பாரு. பாலம் தெற்கால. தெற்க பாத்தா கடல் இடது கையில வரணும். இதுல வலது கையில இருக்குது."

பழைய நெகட்டிவைத் திருப்பி ஸ்கேன் செய்திருந்தோம். அவர் சட்டைப் பைகூட வலது பக்கம் இருந்தது. வாழ்நாளெல்லாம் அந்தக் கடலைப் பார்த்து வளர்ந்த நான் பார்க்கவில்லை. பெரியவரிடம் திருத்தின அட்டையைக் காட்டும்போது, "எங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது மிஸ்ஸியே, நானே புடிச்சேன்" என்றேன். அவள் அப்போது என் இடது தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் பிரஸ்ஸில் நடந்தால் அது நான் செய்தது என்பதுதான் என் எண்ணம்.

ஆனால் மற்றவர்களுக்கு வேறு எண்ணம் வந்துகொண்டிருந்தது. மிஷின்காரர் ஒரு தாளை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். இருபத்து மூன்றாம் நாள் காலையில் ஒரு வாடிக்கையாளர் எதிரிலேயே பாஸ்கர் என்னைத் தாண்டி அவளிடம், "சரியாக்கா?" என்று கேட்டான். அவள் தலையசைத்தாள். வாடிக்கையாளர் என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். அன்று மதியம் நடந்ததற்கு வேறு காரணம் எதையும் நான் சொல்லமாட்டேன். காரணம் அந்தக் காலைதான்.

மதியம் ஒன்றரை மணி இருக்கும். ஒரு குப்பத்திலிருந்து இளைஞர் ஒருவர் ஓடிவந்தார். அவருடைய பெரியப்பா ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவள் குப்பத்துக்கு அடுத்த குப்பம். போனில் ஒரு படம் வைத்திருந்தார். மாசிமகத்தன்று எடுத்தது. நான்கு பேர், நான்கு பேருக்கும் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, வெயிலுக்குச் சுருங்கின கண். "நடுவுல இருக்கறவருங்க" என்று சொல்லி, பேரை எழுதிக் கொடுத்து, படத்தை அனுப்பிவிட்டு, பாடியை எடுக்க வண்டி பார்க்க ஓடிவிட்டார்.

நான்கு பேர் வரிசையில் நடு என்பது இரண்டு பேர். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அண்ணன் தம்பி, அச்சாக ஒரே மீசை. இது எனக்கு அப்போது தெரியாது. போன் போட்டுக் கேட்டிருக்கலாம். என் பிரஸ்ஸில் அந்த வழக்கம் இல்லை. சாவு வீட்டுக்குப் போன் போட்டு, செத்தது எந்த மூஞ்சி என்று கேட்பது அசிங்கம் என்று நானே போட்ட சட்டம் அது. ப்ரூப் காட்டுவதும் கிடையாது. அதனால்தான் மூன்று மணி நேரம்.

பாஸ்கர் படத்தைப் பெரிதாக்கிவிட்டு, "எந்த ஆளு சார்?" என்றான். நான் திரையில் விரல் வைத்தேன். இடமிருந்து இரண்டாவது ஆள். ஏன் அவர் என்றால், அவர்தான் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தார். வேறொன்றுமில்லை.

பின்னாலிருந்து குரல் வந்தது. "ஐயா, அவரு தம்பி. தவறினது அண்ணன். பக்கத்துல நிக்கறவரு." கையைப் பின்னால் கட்டியபடியே முகவாயால் காட்டினாள்.

"நீ பாக்க வந்தியா, பேச வந்தியா?" என்றேன்.

பாஸ்கர் கையை எடுத்துவிட்டான். "சார், அக்கா அந்தப் பக்கத்து ஊரு சார். அவங்க சொல்றது..."

"பிரஸ்ஸு யாருது பாஸ்கர்?"

அவன் நான் காட்டின முகத்தை வெட்டினான். அவள் இன்னொரு தடவை சொல்வாள் என்று மனதுக்குள் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், கத்திவிட்டு மாற்றியும் இருப்பேன். அவள் சொல்லவில்லை. அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டாம் தடவைக்குக் காத்திருந்தேன்.

நான்கு மணிக்கு அந்தக் குப்பத்து முனையில் பேனர் ஏறியது. நான்கரைக்குச் சுவரெல்லாம் போஸ்டர்.

அந்தத் தம்பி விடியலுக்கு முன்பே கடலுக்குப் போனவர், இன்னும் கரை வரவில்லை. அவர் மனைவி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற பெண். "வீட்டுல சாவு, ஒடனே வா" என்று மட்டும் யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். வெறுங்கூடையோடு ஷேர் ஆட்டோவில் வந்து முனையில் திரும்பும்போது பேனரில் தன் புருஷன் முகத்தைப் பார்த்தார். ஆட்டோக் கம்பியில் கையை அடித்து அங்கேயே வளையலை உடைத்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கூட வந்த பெண்கள் பிடிப்பதற்குள் தாலிக் கயிற்றைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டார். அரை மணி கழித்துப் புருஷன் படகிலிருந்து இறங்கி, அண்ணன் செத்த செய்தி கேட்டு அழுதுகொண்டே வந்தார். உயிரோடு எதிரில் நின்ற அவரைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கூடையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். கூடையை எடுக்கவே விடவில்லையாம். உயிரோடு இருக்கிற புருஷனுக்குத் தாலி கழற்றினவள் என்ற சொல்லை அந்த அம்மாவின் தலையில் நான் ஏற்றிவிட்டேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பதினைந்து பேர் பிரஸ்ஸுக்கு வந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர் முன்னால் வந்தார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"படத்த எடுத்துப் போட்டது யாரு?"

வாழ்க்கையில் நான் செய்த எதையும் வேறொருவர் செய்தார் என்று சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"காலேஜிலேருந்து பழக வந்த பொம்பளைங்க. தெரியாம செஞ்சுட்டா."

"எவ?"

பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டான். காகிதம் வெட்டுகிற மிஷினுக்குப் பக்கத்திலிருந்து அவள் வந்தாள்.

"நான்தாங்க பழக வந்தவ."

பெரியவர் அவளை உற்றுப் பார்த்தார். "நீ பக்கத்துக் குப்பத்துப் பொண்ணு இல்ல? எம்மா, எங்க ஊரு மூஞ்சி உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணா."

"அண்ணன் யாரு, தம்பி யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா விட்டுட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். நான் சொல்வேன் என்று காத்திருந்தாளோ, தான் சொல்ல வேண்டியதை மதியமே சொல்லியாகிவிட்டது என்று இருந்தாளோ, எனக்குத் தெரியாது. வாயைத் திறக்கவில்லை.

"நீயும் ஒரு பொம்பளையா" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போனார். பின்னால் வந்தவர்கள் எழுத்தில் வேண்டும் என்றார்கள். பிரஸ் பேர் போட்ட தாளில், பயிற்சிக்கு வந்தவரின் கவனக் குறைவால் நடந்த தவறு என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன்.

மறுநாள் அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். பதினொன்றுக்கு வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். பாக்கி ஏழு நாளும் வந்தாள். பாஸ்கர் அவளிடம் பேச வாயெடுப்பான், பேசாமல் மவுஸைப் பிடித்துக்கொள்வான். அவள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபடி நான் வெளியே சுற்றினேன்.

முப்பதாம் நாள் என் மேஜையில் ஒரு நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கல்லூரி கொடுத்த நோட்டு. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம். பார்த்த வேலை, செய்தவர், கற்றது என்று மூன்று கட்டம். கடைசிப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் கடைசிப் பக்கத்துக்குப் போகவில்லை, இருபத்து மூன்றாம் பக்கத்தைத் தேடினேன். உண்மையை எழுதியிருந்தால் கையெழுத்துப் போடக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டே புரட்டினேன்.

மற்றப் பக்கங்களில் செய்தவர் கட்டத்தில் ஒவ்வொருவர் பேரும் முத்து முத்தாக இருந்தது. பாஸ்கர். மிஷின்காரர். பைண்டிங் செய்கிற அம்மா. போஸ்டர் ஒட்டப் போகிறவர் பேர்கூட இருந்தது. அந்தப் பேர் எழுத்தில் வந்து நான் பார்த்ததில்லை. பீச் ரோட்டுப் படத்தைத் திருத்திய நாளில், செய்தவர் கட்டத்தில் என் பேரை எழுதியிருந்தாள்.

இருபத்து மூன்றாம் பக்கத்தில், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி தயாராவதைப் பார்த்தேன் என்று இருந்தது. கற்றது என்ற கட்டத்தில் ஒன்றுமில்லை. செய்தவர் என்ற கட்டமும் காலி.

அவள் அதை எனக்காகத்தான் விட்டுவைத்திருந்தாள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அந்தக் காலி இடம் எனக்குப் பயமாக இருந்தது. பின்னால் எழுதிக்கொள்வாளோ என்று தோன்றியது. பேனாவை எடுத்து, "பயிற்சி மாணவி" என்று என் கையால் எழுதி நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், கவனம் போதாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். இரண்டு வார்த்தையைப் படிக்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. மூடினாள்.

"வரேங்க ஐயா."

கல்லூரியில் அவளுக்கு டிப்ளமா தரவில்லை. பிழை திருத்துகிற வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். மார்க்கெட்டிலும் அவள் பழைய இடத்தில் உட்கார முடியவில்லை. தாலி கழற்றின அந்த அம்மாவின் ஊர்ப் பெண்கள் உட்காருகிற வரிசை அது. இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஐஸ். பாஸ்கர் அந்த மாதமே வேலையை விட்டு நின்றான். "கத்துக்கினது போதும் சார்" என்றான்.

நான் நிற்கவில்லை. இன்னொரு மிஷின் வாங்கினேன். சால்வை போட்டார்கள். அவளை அப்போதப்போது நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நினைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு முற்பகலில் மெலிந்த ஆள் ஒருவர் கவுன்டரில் வந்து நின்றார். அவள் புருஷன். கையில் புண் ஆறாமல் உள்ளே ஓடி, காய்ச்சலாகி, நான்கே நாளில் முடிந்துவிட்டது என்றார். போனை நீட்டினார். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம். நீலப் புடவை.

"இது ஒண்ணுதாங்க இருக்குது. மத்தபடி அவ படத்துக்கே நிக்க மாட்டா."

நான் போனை வாங்காமல் நின்றதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார் போல. கும்பிட்டார்.

"அவளால உங்க பேருக்கு ஒரு கெட்டது வந்துச்சுங்க. தெரியாம பண்ணிட்டா. செத்தவ மேல வச்சுக்காதீங்க ஐயா. நல்லபடியா போட்டுக் குடுங்க."

நடந்ததை அவள் புருஷனிடமும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவர் கும்பிட்ட கையை நான் பிடித்துக்கொண்டேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். "ஆவட்டும்ப்பா, நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். மன்னித்துவிட்டது மாதிரி சொன்னேன்.

பேனரை நானே வண்டியில் எடுத்துக்கொண்டு அவள் குப்பத்துக்குப் போனேன். கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். குடத்தோடு வந்த இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"யாருடி இது?"

"ஆளை மாத்திப் போட்டு ஒரு பொம்பளை தாலிய அறுக்க வச்சாளே, அவ."

என் காதில் விழுந்தது. நான் அங்கேயேதான் நின்றேன். பேனரைத் தூக்கிக் கட்டினவர் என்னைப் பார்த்து, "சரியா இருக்குதுங்களா சார்?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொன்னேன்.

இப்போது அந்தக் கல்லூரி, மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்த இடங்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறதாம். என்னைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். எத்தனை மாணவர்களை நான் உருவாக்கினேன் என்று எழுத வேண்டுமாம். அந்தப் பக்கம் எனக்கு வேண்டாம், அதற்குப் பதிலாகத்தான் இதைக் கல்லூரிக்கு எழுதி அனுப்புகிறேன். அதில் என்னைப் பற்றி ஒரு வரியும் போடாதீர்கள்.

எனக்கு வேண்டியது வேறு. உங்கள் அலுவலகத்தில் அந்த நோட்டு இருக்கும். இருபத்து மூன்றாம் பக்கத்தில் நான் எழுதினதை அடியுங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதினதையும் அடியுங்கள். அவளுக்குத் தர வேண்டிய டிப்ளமாவை அவள் மகள் கையில் கொடுங்கள். இரண்டு குப்பத்திலும் இதைப் படித்துச் சொல்லுங்கள், அந்த அம்மாவின் வீட்டு வாசலிலும் சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுத்த தாளை வைத்திருக்கிறவர்கள் கொண்டுவந்தால், பக்கத்தில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். அவள் சொன்னாள். சரியாகச் சொன்னாள், நேரத்தில் சொன்னாள். பாஸ்கர் எங்கே இருந்தாலும் சாட்சி சொல்வான்.

இந்த ஊரில் நான் செய்தது ஒவ்வொன்றையும் எனக்கென்று கேட்டு வாங்கினவன் நான். யாருக்கும் பங்கு விட்டதில்லை. இதிலும் யாருக்கும் பங்கு இல்லை, முழுக்க என்னுடையது. செய்தவர் என்ற கட்டத்தில் என் பேரைப் போடுங்கள். கா. ஏழுமலை. முதலெழுத்தோடு முழுதாகப் போடுங்கள்.